என் மகள் எந்த முகத்தைப் பார்த்தாள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஆறு வருடம் ஆகிறது. ஒவ்வொரு ரமலானிலும் நோட்டை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், கிழித்துப் போடுவேன். நான் படித்தது பத்தாவதும் அதற்கு மேல் ஐ.டி.ஐ.யும். எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். அது சின்னக் காரணம். பெரிய காரணம், இது என் மனைவியின் முகத்தைப் பற்றியது. ஒரு பெண்ணின் முகத்தைப் பற்றி அவள் புருஷனே நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதலாமா என்று எனக்குள் கேட்டுக் கேட்டு நிறுத்திவிடுவேன். போன மாதம் அவளே, "எழுதுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீடு பொழிச்சலூரில். நான் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கார்களுக்குப் போகும் சிறு பாகங்கள் செய்யும் கம்பெனி. அந்தப் பாகத்தின் நடுவே ஒரு துளை இருக்கும். துளை சரியான அளவில் இருக்கிறதா என்று கேஜ் என்ற அளவுக் கருவியை விட்டுப் பார்த்து, சரி, சரியில்லை என்று பிரிப்பதுதான் என் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. கேட்காத துஆ இல்லை. பத்தாவது வருடம் அல்லாஹ் ஒரு பெண் குழந்தையைக் கொடுத்தான்.

குழந்தை பிறந்து பதினெட்டாம் நாள் காலையில் என் மனைவி வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, தண்ணி வாயில நிக்க மாட்டேங்குது" என்றாள். போய்ப் பார்த்தேன். வலது பக்கம் உதடு கீழே இறங்கியிருந்தது. வலது கண் மூடவில்லை. முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்தார், பயிற்சி சொல்லிக் கொடுத்தார். நிறையப் பேருக்குச் சில மாதத்தில் சரியாகிவிடும் என்றார். இவளுக்குப் பாதி சரியானது, பாதி நின்றுவிட்டது. சிரித்தால் இடது பக்கம் மட்டும் சிரிக்கும். வலது பக்கம் எதுவும் நடக்காதது போல் இருக்கும்.

அதன்பிறகு அவள் வெளியே போகும்போது முகத்திரை போட ஆரம்பித்தாள். அதுவரை பர்தா உண்டு, முகம் திறந்திருக்கும். பள்ளிவாசலில் இரண்டு பேர் என்னிடம், "மாஷா அல்லாஹ், வீட்ல ஈமான் கூடியிருக்கு" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். முகத்திரை போடும் பெண்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் மனதில் வைக்கும் நிய்யத் அவர்களுக்கும் ரப்பான அல்லாஹ்வுக்கும் தெரியும். என் வீட்டுக்கு அது வேறு காரணத்தால் வந்தது. அது தெரிந்தும் கிடைத்த பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

வெளியே என்றால் பரவாயில்லை. வீட்டுக்குள்ளும் துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துக்கொண்டுதான் குழந்தையைத் தூக்குவாள். பால் கொடுக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "அவ என்ன பாக்கறதே இல்ல. நான் குனிஞ்சா ஃபேன பாக்கறா" என்பாள். குழந்தைகள் எல்லாம் ஃபேனைத்தான் பார்க்கும் என்று நான் சொன்னால் கேட்கமாட்டாள். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்தபோது ஒருநாள், "பகல்ல அவள என் தங்கச்சி வூட்ல விட்டுடலாங்க" என்றாள். தங்கை அனகாபுத்தூரில் இருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "கொழந்த முகத்த பாத்துத்தான் சிரிக்க கத்துக்குமாம். என்னப் பாத்து என்ன கத்துக்கும்?"

ஒன்பது வருடம் கேட்டு வாங்கிய குழந்தை.

இந்த நேரத்தில்தான் அந்த ஸ்டாண்டு வேலை வந்தது.

என் மனைவியின் அண்ணன், என் மச்சான், பம்மலில் வெல்டிங் ஷெட் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையில் நான் போய்க் கூடமாட உதவுவேன். அப்படி ஒரு ஞாயிறு, காட்டன் புடவை கட்டிய ஒரு மேடம் வந்தார். முப்பது வயதிருக்கும். கிழக்குத் தாம்பரத்தில் குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் இடத்திலிருந்து வருவதாகச் சொன்னார். ஒரு டிவி திரையையும் அதற்குக் கீழே ஒரு சின்னக் கருவியையும் பிடித்துக்கொள்கிற மாதிரி கை வேண்டும். மேலே கீழே நகர வேண்டும், சாய வேண்டும், ஆனால் நிறுத்தினால் துளிகூட ஆடக் கூடாது என்றார்.

"எதுக்கு மேடம் அவ்ளோ டைட்டா?" என்று மச்சான் கேட்டார்.

"கைக்குழந்தைங்க எங்க பாக்குதுன்னு அளக்கறதுக்கு. அந்தக் கருவி கண்ண படம் புடிச்சு, திரையில எந்த இடத்தப் பாக்குதுன்னு சொல்லும்."

மச்சான் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "கொழந்த எங்க பாக்குதுன்னு பாக்க ஒரு மெஷினா? நான் எங்க பாக்கறேன்னு எங்கூட்டுக்காரி மெஷினே இல்லாம சொல்லுவா."

மேடம் சிரித்துவிட்டார். "அவங்கள அனுப்புங்க அண்ணா, நான் வேலைக்கு வெச்சுக்கறேன்."

"ஐயையோ வேணாம். அப்பால நான் கண்ண மூடிக்கினுதான் குந்தணும்."

ஸ்டாண்டு செய்து முடித்து அதை மாட்டுவதற்கு நான் போனேன். சின்ன அறை. சுவரெல்லாம் சாம்பல் நிறத் துணி. குழந்தையின் கண் வேறு எங்கும் போகாமல் இருக்க அப்படி என்றார். ஒரு நாற்காலி, எதிரே திரை. துணிக்குப் பின்னால் இன்னொரு கம்ப்யூட்டரில் மேடம் உட்காருவார். மாட்டி முடித்ததும், "அண்ணா, நீங்களே உக்காருங்க, டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார்.

உட்கார்ந்தேன். திரையில் ஒரு வட்டம் அங்கங்கே வந்தது. அதைப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். பிறகு ஒரு வயசான மனிதரின் முகம் வந்து போனது. ஐந்து விநாடி இருக்கும். அப்புறம் என்னைப் பின்னால் அழைத்துக் காட்டினார். அந்த முகத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி ஓடியது. அதுதான் என் பார்வை. இடது கண், வலது கண், வாய், மறுபடியும் கண். நான் ஒரு முறை பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புள்ளியோ தேனீ பூவைச் சுற்றுவது போல் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்பது வருடமாக இந்தக் கண்ணை வைத்திருக்கிறேன், இது என் முகத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. உடம்பு சிலிர்த்தது. ஸுப்ஹானல்லாஹ் என்றேன். மேடம் ஹிந்து, அவரும் "எனக்கும் மொத தடவ அப்டித்தான் இருந்துச்சு" என்றார்.

அவர் செய்துகொண்டிருந்த சோதனையைச் சொன்னார். திரையில் இரண்டு பக்கமும் இரண்டு படம். ஒரு பக்கம் முகம், மறு பக்கம் ஏதாவது பொருள். குழந்தை எதை முதலில் பார்க்கிறது, எதை எவ்வளவு நேரம் பார்க்கிறது, கண்ணைப் பார்க்கிறதா வாயைப் பார்க்கிறதா என்று கணக்கெடுக்க வேண்டும். முதலில் வெளிநாட்டிலிருந்து வந்த படங்களை வைத்திருந்தார். எல்லாம் வெள்ளைக்காரப் பெண்கள். நம் ஊர்க் குழந்தைக்கு அந்த முகம் பழக்கமில்லையே என்று அதை எடுத்துவிட்டு இந்தப் பக்கத்துப் பெண்களின் முகத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பொருளுக்கு முதலில் எவர்சில்வர் டம்ளர் வைத்தாராம். அது பளபளவென்று இருந்ததால் குழந்தைகள் முகத்தை விட்டுவிட்டு டம்ளரையே பார்த்தனவாம். "அது முகத்தப் பத்தின டெஸ்டே இல்ல அண்ணா, டம்ளர பத்தின டெஸ்ட்" என்றார். அதையும் மாற்றியாயிற்று. ஒவ்வொன்றையும் இப்படி எடுத்துப் போட்டு, மாற்றி, மறுபடி பார்க்க வேண்டும். நாங்கள் புதுப் பாகத்துக்கு டை என்கிற அச்சை செட் பண்ணுவதும் அப்படித்தான்.

அடுத்து ஒரு சோதனை தயார் செய்வதாகச் சொன்னார். ஒரு பக்கம் குழந்தையின் சொந்த அம்மா பேசுகிற வீடியோ, சத்தம் இல்லாமல். மறு பக்கம் வேறொரு பெண், அதே மாதிரி. குழந்தை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது இதையெல்லாம் கதை மாதிரி சொன்னேன். டம்ளரைச் சொன்னதும் என் மனைவி சிரித்தாள், துப்பட்டாவுக்குள்ளேயே. கடைசிச் சோதனையைச் சொன்னதும் நிமிர்ந்தாள்.

"அம்மா முகத்த பாக்குதா இல்லையான்னு அந்த மெஷின் சொல்லுமா?"

நான் யோசிக்காமல் சொல்லிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தேன்.

"அப்போ என்னப் படம் புடிக்கச் சொல்லுங்க. தெரிஞ்சிடும்ல. பாக்கலன்னா தங்கச்சி வூட்ல விட்டுடலாம். நீங்க அதுக்கப்புறம் மறுப்பு சொல்லக் கூடாது."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு மேடமிடம் கேட்டேன். அவர் நேர்மையான பெண். என் மனைவியை உட்காரவைத்து எல்லாம் சொன்னார். இது இன்னும் சரி பார்த்துக்கொண்டிருக்கும் சோதனை, ஒரு குழந்தையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். "புது முகத்த அதிகமா பாக்கற குழந்தைங்களும் உண்டு அக்கா. அது ஆசையா பாக்கறது. அம்மாவ பிடிக்கலன்னு அர்த்தம் இல்ல." வீடியோவைக் குழந்தை மட்டும்தான் பார்க்கும், பின்னால் கணக்கெடுக்கும் திரையில் முகம் தெரியாது, இரண்டு முட்டை வடிவக் கோடுதான் தெரியும், சொன்னால் அழித்துவிடுகிறேன் என்றும் சொன்னார். என் மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் மனதில் ஒரு கேள்விதான் இருந்தது. மற்ற எதுவும் ஏறவில்லை என்று எனக்குத் தெரியும்.

மேடம் கதவைச் சாத்திவிட்டு அவளைப் படம் பிடித்தார். பெண்கள் இரண்டு பேர் மட்டும். நான் வெளியே நின்றேன். உள்ளே அவள் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கொஞ்சுவது கேட்டது. முகத்தைத் திறந்துகொண்டு அவள் அப்படிக் கொஞ்சி ஆறு மாதமாகியிருந்தது.

ஒரு வாரம் கழித்துச் சோதனை. குழந்தைக்கு ஏழு மாதம். என் மனைவி மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவின் கண்ணை மெஷின் தவறுதலாக எடுத்துவிடக் கூடாது, அதனால் அம்மாக்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது முறை. இவளுக்கு வலது கண் மூடாதே. மேடம் ஒரு நிமிடம் யோசித்து, ஒரு குளிர் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டிக் கொடுத்தார். ஆக, திரையில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு எதுவும் தெரியாது.

முதலில் மெஷினைக் குழந்தையின் கண்ணுக்குப் பழக்க வேண்டும். திரையின் மூலைகளில் கிலுகிலுப்பை மாதிரி ஒரு பொம்மை சத்தத்தோடு வரும். குழந்தை பார்க்கும். அது சரியாக முடிந்தது. முடிந்ததும் குழந்தை அழ ஆரம்பித்தது. மேடம் நிறுத்திவிட்டு, "பால் குடுத்துட்டு வாங்க அக்கா, அவசரமில்ல" என்றார்.

வெளி அறையில் இன்னொரு அம்மா முறைக்குக் காத்திருந்தாள். என் மகளைப் பார்த்துவிட்டு, "அம்மாடி, கண்ணு எம்மாம் பெருசா கீது. இத்தயே பாத்துக்கினு இருக்கலாம் போல" என்றாள்.

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் பச்சைக் குழந்தையை அப்படி ஒருவர் புகழ்ந்துவிட்டால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? என் மனைவி பையிலிருந்து மை டப்பாவை எடுத்தாள். அழுததில் காலையில் வைத்த மெல்லிய கோடு கரைந்திருந்தது. இப்போது தடிமனாக, இரண்டு கண்ணுக்கும் இழுத்தாள். கன்னத்தில் ஒரு பெரிய பொட்டு. காப்பவன் அல்லாஹ், மை இல்லை என்று நான் எப்போதும் சொல்வேன். "அவன்தான் காப்பான், மையும் இருக்கட்டும்" என்பாள். அன்று நான் எதுவும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

குழந்தை சமாதானமாகி மறுபடி உள்ளே போனது. நான் மேடத்தோடு துணிக்குப் பின்னால் நின்றேன். திரையில் இரண்டு முட்டைக் கோடுகள். இடது பக்கம் ‘அம்மா’, வலது பக்கம் ‘வேறு’. சிவப்புப் புள்ளி வந்தது. நடுவில் நின்றது. பிறகு வலது பக்கம் நகர்ந்து ‘வேறு’ கோட்டின் ஓரத்தைத் தொட்டது. ‘அம்மா’ பக்கம் ஒருமுறைகூடப் போகவில்லை. பிறகு படங்கள் இடம் மாறின. இப்போது அம்மா வலது பக்கம். புள்ளி அவளையும் தாண்டி, வலது கோடியில், எந்தப் படமும் இல்லாத ஓரத்தில் போய்த் தொங்கியது. எட்டு முறை மாற்றி மாற்றிக் காட்டினார். ஒருமுறைகூட ‘அம்மா’ கோட்டுக்குள் புள்ளி விழவில்லை.

என் மனைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். மேடம், "அக்கா, ஒரு தடவ வெச்சு..." என்று ஆரம்பித்தார். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அதற்கு எந்த மெஷினும் தேவையில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து குழந்தையின் துணிகளை ஒரு பையில் மடித்து வைத்தாள். அடுத்த நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அவளும் கிளம்பினாள், பையோடும் குழந்தையோடும், அனகாபுத்தூருக்கு. நான் வாக்குக் கொடுத்திருந்தேன். மறுப்புச் சொல்லவில்லை.

கம்பெனியில் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது நாங்கள் முதலில் பாகத்தை அளப்பதில்லை. மாஸ்டர் ரிங் என்று ஒரு வளையம் இருக்கும். அதன் அளவு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே தெரியும். கேஜை அதில் விட்டுப் பார்ப்போம். தெரிந்த அளவைக் கேஜ் சரியாகக் காட்டினால்தான் மற்றதை அளக்கலாம். கேஜ் கீழே விழுந்தாலோ, எண்ணெய் பட்டாலோ, கைமாறினாலோ மறுபடி மாஸ்டரில் விட்டுப் பார்க்க வேண்டும். பதினான்கு வருடமாகச் செய்கிறேன். கை தானாகச் செய்யும்.

அன்று மாஸ்டரில் விட்டேன், சரியாக இருந்தது. வேலை ஓடியது. ஒரு ட்ரே முடிந்து அடுத்தது. திடீரென்று வந்த பாகங்கள் எல்லாமே ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளிக் காட்டின. பக்கத்து மெஷின்காரர் "என்னண்ணா, எல்லாம் ரிஜெக்டா?" என்று பயந்துவிட்டார். "பதறாத, பீஸ்ல இல்ல. எல்லாம் ஒரே பக்கம் தள்ளுதுன்னா கேஜுலதான் என்னவோ ஒட்டினு இருக்கு" என்றேன். துடைத்தேன், பிசிறு ஒன்று இருந்தது. எடுத்ததும் சரியாகிவிட்டது.

சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தது. கேஜ் கையில் இருந்தபடி நின்றுவிட்டேன்.

புள்ளி எப்போதும் வலது பக்கம்தான் தள்ளியது. அம்மா இடது பக்கம் இருந்தபோது நடுவில் நின்றது. அம்மா வலது பக்கம் போனபோது வெளி ஓரத்துக்குப் போனது. முகத்தை வெறுக்கிற குழந்தையென்றால் அப்போது இடது பக்கம், வேறொரு பெண்ணிடம் அல்லவா போயிருக்க வேண்டும்? வெற்று ஓரத்தைத் திரும்பத் திரும்ப யார் பார்ப்பார்கள்? குழந்தை எங்கே பார்த்ததோ, புள்ளி அதே அளவு வலது பக்கம் தள்ளி விழுந்திருக்கிறது.

டீ பிரேக்கில் வெளியே வந்து மேடத்துக்குப் போன் செய்தேன்.

"மேடம், தப்பா நெனக்காதீங்க. குழந்த கண்ணுக்கு மெஷின பழக்கினீங்களே, அது பால் குடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி அண்ணா."

"பின்னாடி மறுபடி சரி பாத்தீங்களா? எங்க கம்பெனில மாஸ்டர் ரிங்ல கேஜ விட்டுப் பாக்கற மாதிரி?"

"இல்ல" என்றார்.

"நடுவுல என் வூட்டுக்காரி மை வெச்சிட்டா மேடம். தடிமனா."

கண்ணைப் படம் பிடித்த பதிவை எடுத்துப் பார்க்கிறேன் என்றார். பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. கண்ணின் நடுவே இருக்கும் கறுப்பு மணியைத் தேடிப் பிடிப்பதுதான் அந்த மெஷினின் வேலை. மை ஓரத்தில் இழுகியிருந்ததால் மணியையும் மையையும் சேர்த்து ஒரே கறுப்பாக எடுத்திருக்கிறது. "நான் படிச்ச எடத்துல குழந்தைங்களுக்கு யாரும் மை வைக்க மாட்டாங்க அண்ணா. எனக்குத் தோணவே இல்ல. இதுக்கு முன்னாடி வந்த குழந்தைங்க சிலதும் இப்டி ஓரத்த பாத்துச்சு. நான் தல ஆடிடுச்சுன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு, "நானும் நம்ம ஊருதானே, என்னையும் மை வெச்சுத்தானே வளத்திருப்பாங்க" என்றார்.

அரைநாள் பர்மிஷன் போட்டுவிட்டு அனகாபுத்தூர் போனேன். நடந்ததைச் சொன்னேன். என் மனைவி கேட்டுக்கொண்டாள்.

"ஒருதரம் பாத்தாச்சு. ரெண்டாந்தரம் எதுக்குங்க? என்ன சமாதானப்படுத்த நீங்களா கத கட்டறீங்க."

"சமாதானப்படுத்தணும்னா பொய் சொல்லிட்டுப் போவேனே, அரநாள் லீவு எதுக்குப் போடறேன்?"

அவள் தங்கை உள்ளிருந்து, "அக்கா, போய்ட்டு வா. உம் பொண்ணு காலைலேந்து என் முகத்தையும் பாக்கல, உன் பையத்தான் பாத்துக்கினு கீது" என்றாள்.

மறுபடி தாம்பரம் போனபோது மேடமே ஒரு பாட்டிலில் தேங்காய் எண்ணெயும் பஞ்சும் வைத்திருந்தார். என் மனைவி மையைத் துடைத்தாள். மை இல்லாத கண்ணோடு குழந்தையை வெளியிடத்தில் உட்காரவைப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வாய்க்குள் ஏதோ ஓதி நெற்றியில் ஊதினாள். மேடம் மெஷினைப் பழக்கினார். பிறகு புதிதாக ஒன்று செய்தார். கிலுகிலுப்பையை மூலையில் காட்டி, புள்ளி அதன் மேலேயே விழுகிறதா என்று பார்த்தார். விழுந்தது. "இதான் அண்ணா உங்க மாஸ்டர்" என்று மெதுவாகச் சொன்னார்.

இரண்டு முட்டைக் கோடுகள் வந்தன. இந்தமுறை கண்ணுக்கும் வாய்க்கும் தனித்தனிக் கட்டம் போட்டிருந்தார். புள்ளி முதலில் ‘வேறு’ பக்கம் போனது. ஒரு விநாடி இருக்காது. அந்தப் பக்கம் இருந்து எழுந்து ‘அம்மா’ கோட்டுக்குள் விழுந்தது. கண். வாய். மறுபடி கண். மறுபடி வாய். வாயிலேயே நின்றது. படங்கள் இடம் மாறின. புள்ளி ‘அம்மா’வைத் தேடிக்கொண்டு மறு பக்கம் போனது. ‘வேறு’ பக்கமும் போகாமல் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தது, பக்கத்து வீட்டுக்குப் போய் வருகிற மாதிரி. ஆனால் திரும்பத் திரும்ப அந்த வாய். வலது பக்கம் இறங்கிய, நாங்கள் இரண்டு பேரும் ஆறு மாதமாகப் பார்க்காதது போல் நடித்த அந்த வாய். என் மகள் அதைப் பார்க்கிறாள். ஏழு மாதக் குழந்தை, பேச்சு இல்லை, சத்தமும் வரவில்லை, அந்த உதடு அசைவதைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த இடத்தில் வெறும் தரை கொஞ்சம் இருந்திருந்தால் நெற்றியை வைத்து ஸஜ்தா செய்திருப்பேன். வயர்களாக இருந்தது. துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கருவில் இருட்டில் உருவான கண். ஒரு முகத்தை இன்னொரு முகத்திலிருந்து பிரிக்க அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எங்களுக்கு மாஸ்டர் ரிங் வேறு ஊரிலிருந்து சர்டிஃபிகேட்டோடு வருகிறது. இதற்கு எங்கிருந்து வந்தது?

என் மனைவி கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து, "என்னாச்சுங்க?" என்று கேட்டாள்.

மேடம் அவளை அழைத்து, அவள் முகத்தின் மேலேயே புள்ளியை ஓடவிட்டுக் காட்டினார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவள் பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் முறை முடிந்ததும் கேட்டாள்.

"வாயத்தானே பாக்கறா?"

"ஆமாக்கா."

"கோணலா இருக்கறதாலயா?"

"தெரியாதுக்கா. பேசறவங்க வாய பாக்கற வயசுதான் இது. ஆனா ஏன் பாக்கறா, என்ன நெனக்கறான்னு இந்த மெஷின் சொல்லாது. எங்க பாக்கறான்னு மட்டும்தான் சொல்லும்."

என் மனைவி துப்பட்டாவைத் தோளுக்கு இறக்கிவிட்டு, குழந்தையைத் தூக்கி நேருக்கு நேராக மடியில் வைத்தாள். ஒரு பக்கமாக அல்ல, முழு முகத்தையும் காட்டிக்கொண்டு. குழந்தை கையை நீட்டி அந்தக் கீழுதட்டையே பிடித்து இழுத்தது.

"வுடுடீ, வலிக்குது" என்றாள். ஆனால் எடுத்துவிடவில்லை.

அன்று சாயங்காலமே பையை அனகாபுத்தூரிலிருந்து எடுத்து வந்துவிட்டோம்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். விஷயம் மெல்லப் பரவியது. மச்சான் ஷெட்டில் சொன்னார், ஷெட்டுக்கு வந்தவர் பள்ளிவாசலில் சொன்னார். ஒரு ஜும்ஆ முடிந்து செருப்பு மாட்டும்போது ஒரு பெரியவர் என்னைப் பிடித்தார். "தாம்பரத்துல ஒரு மெஷினாமே, அதுல காட்டினதும் உங்க வூட்டம்மா வாய் நேராயிடுச்சாமே. எங்க மாமி ஒண்ணு கீது, அதுக்கும் இப்டித்தான், கூட்டினு போவலாமா?" இன்னொருவர், குழந்தைக்கு மூளை சரியா இல்லையா என்று அங்கே ஒரே நாளில் சொல்லிவிடுவார்களாமே என்றார். மை வைப்பது ஹராம் என்று மெஷினே காட்டிவிட்டது என்று ஒருவர் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். கேட்டவர்கள் நல்லவர்கள், ஆசையில் சொல்கிறார்கள். ஆனால் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் இதை நம்பிக் கிளம்பிப் போய், வாய் நேராகாமல் திரும்பி வருவாளே, அவளை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அதனால் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்லுங்கள், குறிப்பாக முகத்தை ஒளித்துக்கொண்டு பிள்ளை வளர்க்கிறவர்கள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். ஆனால் இருப்பதை இருப்பது போலச் சொல்லுங்கள். மெஷின் யாரையும் குணப்படுத்தவில்லை. ஒரு குழந்தை பார்த்ததை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்று அந்த மேடமே இன்றும் சொல்கிறார். முதல் முறை தப்பாக வந்தது, காரணம் மை, தப்பு யாருடையதும் இல்லை. என் மனைவி வெளியே சில நாள் முகத்திரை போடுகிறாள், சில நாள் போடுவதில்லை. அது அவளுக்கும் ரப்புக்கும் உள்ள விஷயம். வீட்டுக்குள் போடுவதில்லை. என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. அம்மாவிடம் வாய் ஓயாமல் பேசுகிறாள், முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறாள். என் மனைவியின் வலது பக்கம் இன்றும் சிரிப்பதில்லை. அதை மட்டும் யாரும் நேராக்கிச் சொல்லிவிடாதீர்கள்.